முதல் வாரம் மட்டும் பக்கத்தில் இருங்கள்



யூஸ்நெட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் ஒரு வகைக் கடிதம் எனக்குத் தனி மகிழ்ச்சி தந்தது. எழுதியவர்கள் தங்களுக்காகக் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற அப்பாவுக்கு, கல்லூரியில் சேர்ந்திருக்கும் தங்கைக்கு, எதையும் ஆழமாகப் படிக்க விரும்பும் பக்கத்து வீட்டுக்காரருக்கு, யூஸ்நெட் செய்திகளைப் படிக்க உதவும் மென்பொருளான நியூஸ்ரீடரைப் பழக்கிவிட என்ன வழி என்று கேட்டிருக்கிறார்கள். தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் கையில் கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தை முழுதாகத் தந்துவிடுகிறேன்.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வரி. 1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த, பொருள்வாரியான குழுக்களில் செய்தி எழுதிப் படிக்கும் உரையாடல் அமைப்புதான் யூஸ்நெட். பக்கத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெலோவின் அதற்கு முதல் நிரலை எழுதினார். கணினிகள் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்துச் செய்திகளைப் பரிமாறிக்கொண்டன. லினக்ஸ் பற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் உலகுக்கு முதலில் சொன்னது இங்கேதான். வலை என்ற ஒன்றைத் தாம் உருவாக்கியிருப்பதை டிம் பெர்னர்ஸ்-லீ பொதுவில் அறிவித்ததும் அதே மாதம், இதே யூஸ்நெட்டில்தான். இதற்கு உரிமையாளர் என்று எந்த நிறுவனமும் கிடையாது. இன்றும் இயங்குகிறது.

இனி, சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வருவோம்.

புதியவருக்கு முதலில் பிடிபடாதது ஒன்றுண்டு. மின்னஞ்சலில் கடிதம் அவர் பெயருக்கு வருகிறது. இங்கே எதுவும் யாருக்கும் வருவதில்லை. ஊர்ப் படிப்பகத்தில் நாளிதழ்கள் மேசைமீது கிடக்கும், நாம்தான் போய் எடுத்துப் படிக்கவேண்டும், படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும்; இதுவும் அப்படித்தான். செய்திகள் எல்லாம் சர்வரில் இருக்கின்றன. நியூஸ்ரீடர் அவற்றின் தலைப்புகளைக் கொண்டுவந்து காட்டுகிறது. நீங்கள் தொட்டதை மட்டும் முழுதாக எடுத்துத் தருகிறது. எதைப் படித்தீர்கள் என்பதைத் தன்னிடம் குறித்துவைத்துக்கொள்கிறது. இவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால், 'தெரியாமல் அழித்துவிட்டால் என்ன ஆகும்' என்ற பயம் அவரைவிட்டுப் போய்விடும். அவர் கணினியில் எதைத் தட்டினாலும் மேசைமீதிருக்கும் இதழுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்த குழப்பம் மென்பொருளுக்கும் சர்வருக்கும் இடையே. 'தண்டர்பேர்டை இறக்கி வைத்துவிட்டேன், ஒன்றுமே தெரியவில்லை' என்பார். தண்டர்பேர்ட், பான் போன்றவை படிக்கும் கருவிகள் மட்டுமே. செய்திகள் இருக்கும் சர்வரில் தனியாக ஒரு கணக்கு வேண்டும். இணைய இணைப்பு தந்த நிறுவனங்களே ஒரு காலத்தில் இதையும் சேர்த்துக் கொடுத்தன. ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010-இல் தன் சர்வரை மூடியது. எழுத்துச் செய்திகள் மட்டும் போதுமென்றால் 'எடர்னல் செப்டம்பர்' என்ற சர்வர் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவுசெய்தால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தருகிறார்கள். பாதுகாப்பான இணைப்புக்கு 563 என்ற போர்ட், பழைய முறைக்கு 119.

இந்த இடத்தில் ஓர் அழுத்தமான யோசனை: இந்தப் பகுதியைப் புதியவருக்குச் சொல்லித்தர முயலாதீர்கள். நீங்களே உட்கார்ந்து செய்துகொடுத்துவிடுங்கள். போர்ட் எண்ணைத் தெரிந்துகொள்வதால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆனால் அதில் தடுக்கி விழுந்தால் அதன்பின் இருக்கும் அத்தனையும் அவருக்கு இல்லாமல் போய்விடும். பாஸ்வேர்டை மட்டும் அவருடைய டைரியில் அவர் கையாலேயே எழுதவையுங்கள்.

குழுக்களின் முழுப் பட்டியலையும் முதல் நாளே திறந்து காட்டாதீர்கள். ஆயிரக்கணக்கான பெயர்கள் கொட்டும். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆர்வத்தோடு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனவருக்கு, விளம்பரக் குப்பையும் பல ஆண்டுகளுக்கு முந்தைய சண்டையும் மட்டும் கண்ணில் பட்டால் மனம் விட்டுப்போகும். அவருக்கு எதில் விருப்பம் என்று கேட்டுக்கொண்டு, நீங்கள் முன்பே உள்ளே போய்ப் பார்த்து, கடைசிச் செய்தியின் தேதியைச் சரிபார்த்து, இரண்டு மூன்று குழுக்களை மட்டும் சேர்த்துவையுங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர் என்றால் 'காம்ப்.லேங்.சி'. கணினிகளின் பழங்கதைகள் கேட்கப் பிடிக்கும் என்றால் 'ஆல்ட்.ஃபோக்லோர்.கம்ப்யூட்டர்ஸ்'. அறிவியல் புனைகதை வாசிப்பவர் என்றால் 'ரெக்.ஆர்ட்ஸ்.எஸ்எஃப்.ரிட்டன்'. இந்தப் பெயர்களை இடமிருந்து வலமாக, பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்துக்குப் போவதாகப் படிக்கவேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மற்றதை அவரே கண்டுகொள்வார்.

குழுவை முதன்முறை திறக்கும்போது தண்டர்பேர்ட் ஒரு கேள்வி கேட்கும்: இத்தனை ஆயிரம் தலைப்புகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் இறக்கவா, 500 மட்டும் போதுமா? 500 போதும். மிச்சத்தைப் படித்ததாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு செய்திகளைத் தேதி வரிசையில் விடாமல், கேள்வியும் அதற்கு வந்த பதில்களும் கிளைகிளையாகத் தெரியும்படி அடுக்கிவையுங்கள். இதைச் செய்யாவிட்டால், நடுவழியில் நிற்கும் ஒரு பதில் எந்தக் கேள்விக்கு வந்தது என்று தெரியாமல் அவர் திண்டாடுவார். இன்னொன்று: படிக்காதவற்றை மட்டும் காட்டும் அமைப்பை ஆரம்பத்தில் போடவேண்டாம். நேற்றுப் படித்ததை இன்று தேடி, காணவில்லை என்று பதறிப்போவார்கள். பழகியவர்களுக்கு அது பெரிய வசதி. முதல் வாரத்தில் தொல்லை.

இப்போது, யாரும் எழுதிவைக்காத, ஆனால் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிவிட்ட ஒரு விஷயம். நியூஸ்ரீடரில் பதில் எழுத இரண்டு பொத்தான்கள் உண்டு. 'ரிப்ளை' என்பது எழுதியவரின் மின்னஞ்சலுக்குத் தனியாகப் போகிறது. 'ஃபாலோஅப்' என்பதுதான் குழுவுக்குப் போகிறது. மின்னஞ்சலில் பழகிய விரல் தானாக 'ரிப்ளை'யைத்தான் தேடும். இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. குப்பை அஞ்சலுக்குப் பயந்து பலர் இங்கே உண்மையான முகவரியைக் கொடுப்பதில்லை. முடிவில் '.இன்வாலிட்' என்று போட்டு, எங்கும் போய்ச் சேராத முகவரி ஒன்றை வைத்திருப்பார்கள். அது ஒத்துக்கொள்ளப்பட்ட வழக்கம்தான்; அந்தச் சொல்லை இதற்கென்றே ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் புதியவர் ஒரு மணி நேரம் யோசித்து, அழகாக ஒரு பதில் எழுதி, தவறான பொத்தானை அழுத்தினால் அது யாரையும் சேராது. குழுவில் தன் எழுத்தைத் தேடுவார், இருக்காது. 'நம்மை யாரும் மதிக்கவில்லை' என்று நினைத்துக்கொண்டு எழுந்துபோய்விடுவார். கோபித்துக்கொண்டு போகிறவராவது காரணம் சொல்லிவிட்டுப் போவார். இவர் போனதே யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் பதிலை அவர் அனுப்பும்போது நீங்கள் அருகில் இருந்தே தீரவேண்டும்.

அனுப்புவதற்கு முன் நின்று யோசிக்கும் பழக்கத்தை அந்தக் காலத்து மென்பொருளே கற்றுக்கொடுத்தது. பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லேரி வால், 1984-இல் 'ஆர்என்' என்ற நியூஸ்ரீடரை வெளியிட்டார். அதில் செய்தி அனுப்பப்போனால் திரையில் ஓர் எச்சரிக்கை வரும்: இது ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப்போகிறது, அதற்கு மற்றவர்கள் பணம் செலவழிக்கிறார்கள், உறுதியாகத்தான் அனுப்புகிறீர்களா என்று கேட்கும். தொலைபேசிக் கட்டணத்தில் செய்தி பயணித்த நாள்களில் அது உண்மையான கேள்வி. இன்று செலவு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது. சர்வரிலிருந்து சர்வருக்குப் பரவிவிட்ட செய்தியைத் திரும்பப் பெற முடியாது. ரத்துசெய்யும் கட்டளை உண்டு என்றாலும் பல சர்வர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. பழைய செய்திகளின் பெரும் தொகுப்பு இன்றும் தேடக்கூடியதாக இருக்கிறது. 1990-களில் மாணவர்கள் எழுதியதை அவர்களின் பிள்ளைகள் இப்போது படிக்கலாம். புதியவரிடம் இதைப் பயமுறுத்தாமல் சொல்லுங்கள்: வீட்டு முகவரி, தொலைபேசி எண், குடும்பத்தார் பெயர் வேண்டாம்; மற்றதெல்லாம் எழுதலாம்.

முதல் சில நாள் படிக்க மட்டும் செய்வது நல்லது என்பது யூஸ்நெட்டின் பழைய அறிவுரை. அதைச் சொல்வதற்கென்றே 'நியூஸ்.அனவுன்ஸ்.நியூயூசர்ஸ்' என்று ஒரு குழு இருந்தது. ஜீன் ஸ்பாஃபர்ட் என்ற கணினி அறிவியல் பேராசிரியர் சம்பளம் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் புதியவர்களுக்கான வழிகாட்டிகளைத் திருத்தித் திருத்தி அங்கே வெளியிட்டுவந்தார். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும் பதில்களையும் ஒவ்வொரு குழுவும் தொகுத்துவைத்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் சேர்வார்கள். குழுக்களில் சத்தம் கூடும். ஓரிரு மாதத்தில் பழகிவிடுவார்கள். 1993 செப்டம்பரிலிருந்து அப்படி நடக்கவில்லை. வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்த அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் சந்தாதாரர்களை உள்ளே அனுப்பத் தொடங்கின. 1994 தொடக்கத்தில் அமெரிக்கா ஆன்லைனும் சேர்ந்துகொண்டது. செப்டம்பர் முடியவே இல்லை என்று பழையவர்கள் குறைப்பட்டார்கள். மேலே சொன்ன இலவச சர்வரின் பெயர் அந்தக் குறையிலிருந்து வந்ததுதான்.

அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் புதியவர்களையே குற்றவாளிகளாக்குகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுத்துச் சொல்லித்தர ஆள் இல்லை. எழுதிவைத்த வழிகாட்டிகள் எங்கே இருக்கின்றன என்று அவர்களை உள்ளே அனுப்பிய நிறுவனங்கள் சொல்லவும் இல்லை. இன்று நிலைமை வேறு. கூட்டம் கலைந்துவிட்டது. 2024 பிப்ரவரி 22-ஆம் தேதியோடு கூகுள் தன் வழியே யூஸ்நெட்டுக்கு எழுதும் வசதியை நிறுத்தியது. அதோடு விளம்பரக் குப்பையும் வெகுவாகக் குறைந்தது. இப்போது ஒரு குழுவில் புதிதாக ஒருவர் எழுதினால் அது அங்கிருக்கும் எல்லோர் கண்ணிலும் படும். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்க முடிகிற அளவுக்கு இடம் சிறிதாகியிருக்கிறது. இதை நல்ல காலம் என்றே நான் நினைக்கிறேன். முதல் செய்தியை அவர் அனுப்பியதும் நீங்களும் அதே குழுவுக்குள் போய் அவருக்கு ஒரு பதில் எழுதுங்கள். அந்த ஒரு பதில் அவரை நாளையும் அங்கே வரவைக்கும்.

சில்லறை விஷயங்கள் சில. பதில் எழுதும்போது முன்னவர் எழுதியதை முழுதாக விட்டுவைக்கவேண்டாம். தேவையான வரிகளை மட்டும் வைத்து, அவற்றுக்குக் கீழே எழுதவேண்டும். மேலே எழுதினால் சில குழுக்களில் கடிந்துகொள்வார்கள். ஓயாமல் வம்பு வளர்ப்பவர் யாராவது இருந்தால் அவர் பெயரை வடிகட்டியில் போட்டுவிடலாம். பிறகு அவர் எழுதுவது நம் திரையில் வராது. பதிலடி கொடுத்து நேரத்தை வீணாக்குவதைவிட இது மேல் என்று அழுத்திச் சொல்லுங்கள், குறிப்பாக இளையவர்களிடம்.

கடைசியாக, தமிழ். தமிழருக்கென்று 'சாக்.கல்ச்சர்.தமிழ்' என்ற குழு 1990-களில் சுறுசுறுப்பாக இருந்தது. அப்போது நம் எழுத்தை அனுப்பப் பொதுவான வழி இல்லாததால் தமிழை ரோமன் எழுத்தில்தான் எழுதிக்கொண்டார்கள். இப்போதைய நியூஸ்ரீடர்கள் பெரும்பாலும் யூனிகோடைப் புரிந்துகொள்கின்றன. எழுத்துக் குறியாக்கத்தில் 'யூடிஎஃப்-8' தேர்வாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் மறுமுனையில் பழைய மென்பொருள் வைத்திருப்பவருக்கு வெறும் கேள்விக்குறிகள் தெரியலாம். சோதித்துப் பார்க்கவென்றே 'மிஸ்க்.டெஸ்ட்' என்ற குழு இருக்கிறது. புதியவரின் சோதனைச் செய்தி முதலில் அங்கே போகட்டும், அதுவும் தமிழிலேயே போகட்டும். அங்கே தவறாக எழுதினாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அனுப்பிய சில நிமிடங்களில் குழுவை மறுபடி திறந்து, தன் எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களில் யாராவது இப்படி ஒருவரைப் பழக்கிவிட்டால், எந்த இடத்தில் அவர் தடுமாறினார் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்தவருக்குச் சொல்லித்தரப் போகும் வாசகருக்கு அது இந்தப் பக்கத்தைவிட அதிகம் உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்