கிராஷ் டீம் ரேசிங்: ஓட்டத்தில நேர்மை, கடையில கள்ளம்

கார்ட்டூன் உருவங்கள் சின்னக் கார்களில ஏறி, ஒன்றுக்கொன்று குண்டெறிந்துகொண்டு ஓடுற விளையாட்டு என்றால் "அது சின்னப்பிள்ளையளுக்கு" என்று கனபேர் ஒதுக்கிவிடுவார்கள். 'கிராஷ் டீம் ரேசிங் நைட்ரோ ஃபியூல்ட்' விளையாடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கையில திறமை இருந்தா வெல்லுவாய், இல்லாட்டி பழகிக்கொண்டு வா என்று முகத்துக்கு நேர சொல்லுற கேம் இது. ஆனா அதே கேம், ஓட்டம் முடிஞ்சு கடைப்பக்கம் போனதும் வேற முகம் காட்டுது. இரண்டையும் சேர்த்துத்தான் கதைக்க வேணும்.

முதலில சின்ன வரலாறு. 1999இல் முதலாவது பிளேஸ்டேஷனுக்காக நோட்டி டோக் நிறுவனம் 'கிராஷ் டீம் ரேசிங்'கைச் செய்தது. பிறகு 'அன்சார்ட்டட்', 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' எல்லாம் செய்த அதே ஆட்கள்தான். இருபது வருசம் கழிச்சு, 2019 யூன் 21இல், கனடாவின் பீனொக்ஸ் அதை அடியிலிருந்து திரும்பக் கட்டி, அக்டிவிஷன் மூலம் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன், சுவிட்ச் மூன்றுக்கும் வெளியிட்டது. கதை பெரிசாக ஒன்றுமில்லை. நைட்ரோஸ் ஒக்சைட் என்ற வேற்றுக்கிரகவாசி வந்து, தன்னை ஓட்டத்தில வெல்லாட்டி பூமி முழுவதையும் கொங்கிறீட் போட்டு வாகனத் தரிப்பிடமாக்குவேன் என்று வெருட்டுறான். சிரிச்சுப்போட்டு ஓடத் தொடங்கலாம்.

இந்தக் கேமின் உயிர் சறுக்கலில இருக்கு. ஆர் 1 பட்டனை அழுத்தினா கார் துள்ளும். துள்ளின கையோட திருப்பி, பட்டனை விடாமல் பிடிச்சிருந்தா கார் சறுக்கும். சறுக்கும்போது திரையில ஒரு சின்ன அளவுகோல் நிரம்பிக்கொண்டு வரும். அது சிவப்புக்கு வந்ததும் எல் 1 ஐத் தட்டினா கார் பாயும். ஒரு சறுக்கலில இப்படி மூன்று முறை செய்யலாம். கொஞ்சம் முந்தித் தட்டினா வேகம் குறைவு. பிந்தினா அந்தப் பாய்ச்சல் வீண். 'மரியோ கார்ட் 8'இல் சறுக்கிக்கொண்டு பொறியின் நிறம் மாறும்வரை காத்திருந்து விட்டாப் போதும். இங்கே ஒவ்வொரு வளைவும் கைக்கும் கண்ணுக்கும் வைக்கிற ஒரு சோதனை.

அதோட நிற்கவில்லை. மேட்டின் விளிம்பில சரியான நேரத்தில துள்ளினா, காற்றில நின்ற நேரத்துக்கு ஏற்றமாதிரி இறங்கும்போது ஒரு தள்ளு கிடைக்கும். சில பாதைகளில இருக்கிற பெரிய வேகப்பட்டையில ஏறினா எக்ஸோஸ்ட் நெருப்பு நீலமாகும். சறுக்கலையும் துள்ளலையும் விடாமல் கோர்த்துக்கொண்டு போறவருக்கு அந்த வேகம் கனதூரம் நிலைக்கும். சுவரில ஒருக்கா முட்டினா எல்லாம் போச்சு. அதனாலதான் ஒரே பாதையை ஐம்பது தரம் ஓடியும் அலுக்காமல் இருக்கு. நேரப் போட்டியில என். ட்ரோப்பியின் ஆவி வண்டியை முந்தினா ஒக்சைட் வருவான். அவனையும் முந்தினா இன்னொருவர் வருவார். நேற்றைய உங்களை விட இன்றைய நீங்கள் எவ்வளவு நல்லாய் ஓடுறீங்கள் என்று கணக்காகத் தெரியும்.

அதிர்ஷ்டம் இல்லையா? இருக்கு. மரியோ கார்ட்டின் நீல ஓடு மாதிரி, முதலாவதாகப் போறவரைத் தேடிப்போய் அடிக்கிற பந்து இங்கேயும் உண்டு. ஆனா நல்லாய்ச் சறுக்கத் தெரிந்தவர் அடி வாங்கியும் எழும்பி வந்து பிடிப்பார். ஆயுதத்தை மட்டும் நம்பி ஓடுறவருக்கு அது முடியாது.

இனிக் குறைகள். முதலாவது, கேம் தன்ர நல்ல பக்கத்தைத் தானே ஒளிச்சு வைக்குது. சறுக்கலை ஓரளவுக்குச் சொல்லித் தருது. ஆனா நீல நெருப்பை எப்படி அணையாமல் வைத்திருப்பது, சேமிப்பில எவ்வளவு வேகம் மிச்சம் இருக்கு என்பதையெல்லாம் திரையில காட்டாது. யூடியூப்பில தேடித்தான் படிக்க வேணும். அது தெரியாத புதிய ஆள் ஒன்லைனில போய் கடைசியாக வந்து, "இது எனக்குச் சரிவராது" என்று வைத்துவிடுவார். அது ஆட்டக்காரரின் குறை இல்லை. அதோட, இவ்வளவு வேகமான கேம் நொடிக்கு 30 ஃபிரேமில ஓடுது. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் தனியாள் ஓட்டத்தில 60 தருது. ஒவ்வொரு பாதைக்கும் முன்னால லோடிங்கில குந்தியிருக்கவும் வேணும்.

பெரிய குறை கடைதான். புதிய ஓட்டுநர், கார், உடுப்பு பலவற்றை 'வும்பா' காசு கொடுத்து வாங்க வேணும். காசு ஓடிச் சேர்க்க வேணும். கடையில எல்லாம் ஒரேயடியாக இருக்காது. நாளுக்கு நாள் மாறும். விரும்பினது வரும்வரை காத்திருக்க வேணும், வரும்போது காசும் இருக்க வேணும். வெளிவந்த நாளில இந்தக் காசை உண்மைக் காசுக்கு விற்கவில்லை. விமர்சனங்கள் எல்லாம் எழுதி முடிஞ்ச பிறகு, ஓகஸ்ட் 2019இல்தான் விற்கத் தொடங்கினார்கள்.

"வெறும் அலங்காரம்தானே, வேண்டாட்டி விடுங்கோவன்" என்று சிலர் சொல்லுவார்கள். அதில நியாயம் இருக்கு. வேகத்தை விற்கவில்லை. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் வாங்குற அதிர்ஷ்டப் பெட்டியும் இல்லை. புதிய பாதைகளை இலவசமாகத் தந்தார்கள். 31ஆகத் தொடங்கினது 40 ஆனது, ஓட்டுநர்கள் 56 பேர் ஆனார்கள். ஆனா 39.99 டொலர் வாங்கின கேம் இது. டொலர் 300 ரூபா என்று வைத்தாலே ஏறத்தாழ 12,000 ரூபா. அவ்வளவு கொடுத்தவரின் பொறுமையைத் தேய்ச்சு, பிறகு அந்தப் பொறுமைக்கே விலைச்சீட்டு ஒட்டுறது எப்படி அலங்காரமாகும்? பாதையில "பழகு, வெல்லுவாய்" என்று சொன்ன கேம், கடையில "பழகினது காணாது, காசைக் கட்டு" என்று சொல்லுது. கோபம் இங்கேதான். எங்களிட்டக் குறைவாக இருக்கிறது காசு. கூட இருக்கிறது நேரம் என்று அவர்களுக்கு நல்லாய்த் தெரியும்.

அப்ப விளையாடலாமா? கட்டாயம் விளையாடுங்கோ. ஒரே ரிவியில நாலுபேர் சேர்ந்து ஓடலாம் என்பதே போதும். ஒருத்தரிட்ட கொன்சோல் இருந்தாச் சரி. பழைய டிஸ்க் கிடைத்தா இன்னும் நல்லது. கிராஷையோ கோகோவையோ எடுத்துக்கொண்டு, ஒரு கிழமைக்குச் சறுக்கலை மட்டும் பழகுங்கோ. ஆயுதத்தை மறந்துவிடுங்கோ. கடைப்பக்கம் போகவே வேண்டாம். அங்கே விற்கிற எதுவும் உங்களை ஒரு நொடிகூட முன்னால கொண்டுபோகாது.