கைத்தொலைபேசியும் ஊசித்தும்பியும்

பெண்பிள்ளையின் கையில் கைத்தொலைபேசி இருந்தாலே வீட்டில் ஒரு சந்தேகம் எழுகிறது. அதில் நியாயமே இல்லையென்று நான் சொல்லவரவில்லை. ஆனால், அதே தொலைபேசி ஒரு நல்ல உயிரியற் கருவியாகவும் அமையலாம் என்பதே எனது கருத்து. அதற்கு நான் முன்வைக்கும் சான்று ஊசித்தும்பி.

வாய்க்காலோரத்திலும் குளக்கரைப் புல்லிலும் ஊசிபோல மெலிந்த உடலுடன் அமர்ந்திருக்கும் சிறு பூச்சி இது. தும்பி அமரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தும்பிகளுட் பெரும்பாலானவை முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். அதன் கண்களும் தலையின் இரு ஓரங்களில் விலகி நிற்கும். இலங்கையில் இவ்விரு வகையிலுமாக 120க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுட் பல வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. ஆத்திரோப்போடாவின் இயல்புகளை மனனஞ் செய்து புள்ளி பெறும் நாம், ஊர் வாய்க்காலில் வாழும் ஓர் ஆத்திரோப்போடாவின் பெயரை அறியாதிருக்கிறோம்.

படமெடுக்க விலையுயர்ந்த கமரா தேவையில்லை. வெயில் ஏறுமுன் செல்லுங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் மெதுவாக நெருங்குங்கள். உடல் மெல்லியது என்பதால் தொலைபேசி பின்னாலுள்ள புல்லையே தெளிவாகக் காட்டும். ஆகவே, உடலுக்குச் சமாந்தரமாகப் பிடித்து, திரையில் பூச்சியைத் தொட்டபின் எடுங்கள். பறந்தால் துரத்த வேண்டாம். பெரும்பாலும் சற்றுத் தள்ளி மீண்டும் அமரும்.

அழகான ஒரு படம் போதாது. பக்கத்திலிருந்து, மேலிருந்து, வால் நுனி என மூன்று படங்களும், இடமும் திகதியும் வேண்டும். நிறத்தை மட்டும் நம்பிப் பெயரிடக் கூடாது. இஷ்னூரா செனெகலென்சிஸ் என்னும் பொதுவான இனத்தில் பெண்களுட் சில ஆணைப்போலவே இருக்கும். வேறு சில இளமையில் செம்மஞ்சளாக இருக்கும். நிறத்தை மட்டும் பார்ப்பவர் ஓரினத்தை இரண்டாக்கிவிடுவார். ஐயமிருந்தால் ‘தெரியவில்லை’ என்று எழுதிவைப்பதே நேர்மை.

இதனால் புள்ளி கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கலாம். வினாத்தாளில் நேரடியாகக் கிடைக்காது. ஆனால், ஆதாரமின்றி முடிவெடுக்காத பழக்கம் வரும். தொலைபேசியில் வருவதையெல்லாம் நம்பிப் பகிரும் இக்காலத்தில் அது சிறிய பயனன்று. ஊசித்தும்பியின் குடம்பிகள் நீரிலேயே வளர்கின்றன. நாளை அந்த வாய்க்கால் மண்ணிட்டு நிரப்பப்பட்டால், அங்கே என்ன வாழ்ந்தது என்பதற்கு நமது படமும் திகதியுமே சாட்சியாகும்.

இதற்காகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஊர் எல்லையைத் தாண்டவும் வேண்டாம். உம்மாவோ வாப்பாவோ துணைக்கு வர, வாரத்தில் அரைமணி நேரம் போதும். பெற்றோரே, அந்த அரைமணி நேரத்தை உங்கள் மகளுக்குத் தாருங்கள்.