பட்டனுக்கு முன் கட்டளை

'கடைசி', 'புதிய கடைசி' எனப் பெயர் மாற்றி பைல்களை காப்பி எடுத்து வைப்பவரா நீங்கள்? லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் லினக்ஸ் கெர்னலுக்காக உருவாக்கிய 'கிட்' என்னும் இலவச புரோகிராமைப் பயன்படுத்திப் பாருங்கள். இதனை பட்டன்களில் கிளிக் செய்து பழகுவதைக் காட்டிலும், கட்டளைகளை டைப் செய்து பழகுவதே நல்லது என்பேன்.

போல்டரில் ஒருமுறை 'கிட் இனிட்' கொடுத்திடுங்கள். 'கிட் ஆட்' பைலைத் தேர்ந்தெடுக்கும். 'கிட் கமிட்' அதனை உங்கள் குறிப்புடன் பதிவு செய்திடும். 'கிட் லாக்' பதிவுகளைப் பட்டியலிடும். பிழைச் செய்திகளும் இதே சொற்களில்தான் வரும். பட்டன் மட்டுமே தெரிந்தவர் அங்கே திகைத்து நிற்பார்.

ஒரு எச்சரிக்கை: இப்பதிவுகள் அதே டிஸ்க்கில்தான் இருக்கும். டிஸ்க் கெட்டால் அவையும் போய்விடும். எனவே தனியே பேக் அப் அவசியம்.