கைபேசியும் காட்டு யானையும்

கோடையில் ஊட்டிக்குப் போகும் நம்மூர்க் குடும்பங்கள் இப்போதெல்லாம் முதுமலைக்கும் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். நல்லதுதான். 1940-இல் சரணாலயமாகி, பின்னர் தேசியப் பூங்காவாகி, 2007 முதல் புலிகள் காப்பகமாகவும் இருக்கிற காடு அது. சென்ற ஆண்டு பேரப்பிள்ளைகளோடு நாங்களும் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டி ஏறினோம். மான், மயில், காட்டுமாடு எல்லாம் கண்டோம். ஆனால் நான் எழுத வந்தது படம் எடுப்பதைப் பற்றி.

கைபேசிக் கேமரா பக்கத்தில் நிற்கிறவரைப் படம் பிடிக்க ஏற்றது. நூறு அடிக்கு அப்பால் நிற்கும் யானை அதில் மிளகளவுதான் தெரியும். விரலால் பெரிதாக்கினால் கலங்கிவிடும். அதனால், "தம்பி, இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க" என்று ஆரம்பிக்கிறார்கள். எங்கள் ஓட்டுநர் மறுத்தார். "காசு கொடுத்துத்தானே வந்திருக்கோம்?" என்று பின்னிருக்கையில் ஒரு குரல். எல்லா ஓட்டுநரும் அந்தக் குரலைத் தாங்குவார்களா, சொல்லுங்கள்.

மைசூர் சாலையில் சொந்தக் காரில் வருகிறவர்களைக் கேட்கவே வேண்டாம். 'வண்டியை நிறுத்தாதீர்கள்' என்ற பலகையின் அடியிலேயே நிறுத்திக் கையை நீட்டுகிறார்கள். யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். குட்டை வற்றும் கோடையில் மாயாறு போன்ற இடங்களுக்குத்தான் அது இறங்க வேண்டும். நம் பிள்ளைகளின் விடுமுறையும் அப்போதுதான். குட்டியோடு வரும் கூட்டம் சாலையைக் கடக்க முடியாமல் நிற்கும். தாய் காதை விரித்து அசையாமல் நிற்பதை, 'போஸ் கொடுக்கிறது' என்கிறார்கள்!

நான் பிரெஞ்சில் படித்தவன். விலங்குகளைப் படமெடுப்பதை அந்த மொழியில் 'ஷாஸ் ஃபோட்டோகிராஃபிக்', அதாவது புகைப்பட வேட்டை என்பார்கள். லென்ஸுக்குப் பெயர் 'ஒப்ழெக்டீஃப்'. இலக்கு என்றும் பொருள். வெள்ளைக்காரன் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தபோது சொல்லை மட்டும் மாற்றவில்லை போலும்.

இதே முதுமலையில்தான் மா. கிருஷ்ணன் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். பல பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிய கனத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர். அவரும் நெருங்கிப் போனவர்தான். ஆனால் யானையின் குணம் அறிந்து, காத்திருந்து போனார். பின்னால் நாற்பது பேரும் ஹாரன் சத்தமும் இல்லை.

கோப்பு எழுதிய பழக்கத்தில் ஒரு யோசனை: வண்டி ஏறும்போதே கைபேசிகளை வாங்கி வைத்துவிடட்டும். பெரிய லென்ஸ்காரருக்கு மட்டும் சலுகையா என்பீர்கள். அதையும் வாங்கி வைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பதிலுக்கு வண்டிக்கு இரண்டு பைனாகுலர் கொடுத்தால் போதும். என்னைப் போன்ற கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கும் யானையின் இமைமுடி வரை தெரியும். இதற்காகக் கட்டணத்தில் இருபது ரூபாய் கூட்டினாலும் கொடுக்க நான் தயார்.