அரசியலைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?

"டாக்டருக்குப் படி, லாயருக்குப் படி, இல்லன்னா டீச்சருக்காவது படி. அரசியலப் படிச்சு என்ன செய்யப் போற?"

சுங்கை லாலாங்கில் எஸ்.டி.பி.எம். முடித்த பெண்ணிடம் அவள் அப்பா கேட்டது இது. லோரி ஓட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். அவர் பயத்தில் தவறில்லை. ஆனால் அவர் கேள்விக்குப் பதில் உண்டு.

அரசியல் என்றால் போஸ்டர் ஒட்டுவது, கூட்டத்துக்கு பஸ் ஏறுவது என்றே நாம் பழகிவிட்டோம். அரசியல் அறிவியல் என்பது அதுவல்ல. அதிகாரம் யார் கையில், எந்தச் சட்டத்தால் இருக்கிறது, அதை எப்படித் தட்டிக் கேட்பது என்று சொல்லித் தரும் படிப்பு அது. 153-வது விதியைப் பற்றிக் கோப்பிக் கடையில் ஆளுக்கு ஒன்று பேசுகிறோம். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 8-வது விதியையும், கல்வியில் பாகுபாடு கூடாது என்னும் 12-வது விதியையும் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டாமா?

இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. பக்கத்து ஊரான பீடோங்கில், 1947-இல், ஹார்வர்ட் தோட்டத் தொழிலாளர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைக்கு எதிராக நின்றார்கள். பட்டம் பெறாத நம் தாத்தா பாட்டிகள் செய்த அரசியல் அது. அதைப் படித்து எழுதி வைக்கவே இன்று நம்மிடம் ஆள் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரல், உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் சமயத்தில் யூ.கே.எம். அரசியல் அறிவியல் மாணவர்கள் நால்வர் அங்கே இருந்ததற்காகப் பிடிபட்டார்கள். 1971-ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சட்டத்தின் 15-வது பிரிவு அவர்கள் மீது பாய்ந்தது. அவர்கள் ஒடுங்கவில்லை, வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் தோற்றும் விடவில்லை. கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்கக் கூடாது என்ற தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபர் 31-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. வகுப்பில் படித்ததை நான்கு மாணவர்கள் நீதிமன்றத்தில் எழுதிக் காட்டினார்கள்.

சரி, சோறு போடுமா? உண்மையைச் சொல்வோம். டாக்டர் படிப்பைப் போல இது நேராக ஒரு வேலையில் கொண்டுபோய் விடாது. ஆனால் அரசாங்க நிர்வாக, அரச தந்திர அதிகாரி வேலைக்கு இந்தப் பட்டத்தோடு மனுச் செய்யலாம். எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் கட்டாயம்; அதில் கோட்டை விடாதீர்கள். பத்திரிகை, தொழிற்சங்கம், ஆய்வு நிலையங்களிலும் வாய்ப்புண்டு.

கடன்பட்டுத் தனியார் கல்லூரிக்கு ஓட வேண்டியதில்லை. ஆறாம் படிவம் முடித்து, பினாங்கு யூ.எஸ்.எம்., பாங்கி யூ.கே.எம். ஆகியவற்றுக்கு முயலலாம். நம் கெடாவிலேயே சிந்தோக்கில் யூ.யூ.எம். இருக்கிறது, அங்கே பொது நிர்வாகமும் அனைத்துலக உறவும் படிக்கலாம்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானாலே நம் பிள்ளைகள் வாக்காளர்கள். அவர்கள் கையில் நாடு ஓட்டைக் கொடுத்துவிட்டது. அதன் மதிப்பைப் படிக்க ஆசைப்படும் பிள்ளையை, பெற்றோர்களே, தடுக்காதீர்கள். வீட்டுக்கு ஒரு டாக்டர் வரட்டும். ஊருக்கு ஒருவராவது சட்டத்தையும் அரசாங்கத்தையும் படித்தவர் வரட்டும்.