ஆபரேஷன் இலவசம்... அம்மாவுக்குப் படுக்க இடம்?

நண்பர்களே, இதுவும் அரசியல் பதிவுதான். முழுசா படிங்க.

எங்க அக்கா பையனுக்கு 4 வயசு. இதயத்துல ஓட்டைன்னு சொன்னாங்க. காப்பீட்டு அட்டை இருந்ததால ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய் கட்டல. 2009-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம், இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஏழை வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

ஆனா மீதியையும் சொல்லணும்.

12 நாள் அக்கா வராண்டாவுல துண்டு விரிச்சுப் படுத்தாங்க. மச்சான் பைக் ஸ்டாண்டுல. அவருக்குத் தினக்கூலி வேலை. 12 நாள் கூலி போச்சு. 7 வயசு மூத்த பொண்ணு ஊர்ல பக்கத்து வீட்டுல.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி 10 மணியோட தண்ணி உட்பட எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாங்க. உள்ளே கூப்பிட்டது மறுநாள் மதியம் 1 மணிக்கு. "மாமா, ஒரே ஒரு வாய் தண்ணி"ன்னு அவன் கெஞ்சினது இன்னும் காதுல இருக்கு.

மயக்க மருந்துக்கு முன் திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் நிறுத்தினால் போதும் என்பதே பொது விதி. (உங்க குழந்தைக்கு டாக்டர் சொல்றதுதான் முடிவு.) நேரம் தள்ளிப்போனா வார்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாமே? இதுக்கு பட்ஜெட் எதுக்கு?

பிரிட்டனில் ஒரு காலத்தில் பெற்றோர் குழந்தையைப் பார்க்கவே கட்டுப்பாடு இருந்தது. 1959-ல் பிளாட் கமிட்டி, பெற்றோர் எந்நேரமும் வரலாம், தாய் உடன் தங்க வசதி வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு!

ஆட்சியில யார் இருந்தாலும் நாம கேட்க வேண்டியது:

✅ குழந்தைகள் அறுவை சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் பெற்றோர் தங்க இடம், கழிப்பறை, குளியலறை
✅ சின்னக் குழந்தைகளுக்கு முதலில் ஆபரேஷன். நேரம் மாறினால் பெற்றோருக்கு உடனே தகவல்
✅ கூலி இழக்கும் பெற்றோருக்கு, காப்பீட்டிலேயே தினசரி உதவித்தொகை

பையன் இப்ப நல்லா ஓடி விளையாடுறான். காப்பாத்தின டாக்டர்களுக்கும் நர்ஸ் அக்காக்களுக்கும் கையெடுத்துக் கும்பிடுறோம்.

காப்பீட்டு அட்டையில குடும்பத்துல எல்லார் பேரும் இருக்கு. ஆஸ்பத்திரியில குழந்தைக்கு மட்டும்தான் இடம் இருக்கு.

உங்க வீட்டுலயும் இப்படி நடந்திருந்தா கமெண்ட்ல எழுதுங்க. உங்க தொகுதி எம்.எல்.ஏ.வை டேக் பண்ணுங்க, எந்தக் கட்சியா இருந்தாலும்!

#பெற்றோருக்கும்_இடம்_வேண்டும்