காலி வாளி வியாபாரமும் இட்லி மாவும்

செஞ்சியில் இட்லி மாவு விற்காத மளிகைக் கடையை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் அரைத்துக் கொண்டுவந்து போடும் பெண்களிடம் வாங்கி விற்கிறோம். சிலர் கடையிலேயே கிரைண்டர் போட்டிருக்கிறார்கள். நல்ல வியாபாரம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மாவு இரவெல்லாம் எந்தப் பாத்திரத்தில் புளித்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

பல இடங்களில் அது பெயிண்ட் வந்த வாளி. இல்லாவிட்டால் பழைய டிரம். இவற்றைக் காலி என்று விற்பவர்களும் வணிகர்களாகிய நாம்தான். ஆகவே மாவு அரைப்பவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

மாவு புளிக்கும்போது லாக்டிக் அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் கரையாத பொருள்கூட அமிலத்தில் கரையும். பெயிண்டும் பூச்சிமருந்தும் பிளாஸ்டிக்கின் உள்ளே ஊறிவிடுபவை. சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் போவதில்லை. வாசனை போய்விட்டது என்பதை அத்தாட்சியாகக் கொள்ள முடியாது. அடியில் 2, 5 என்று எண் இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்லும். உணவுக்கு உகந்தது என்று சொல்லாது. அதற்குக் கண்ணாடிக் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த முத்திரை வேண்டும், வாளியும் புதிதாக இருக்க வேண்டும். உள்ளே கீறல் விழுந்த வாளியைத் தள்ளிவிடுவதே நல்லது; கீறலில் கிருமி தங்கும்.

உலோகத்துக்கு வருவோம். பித்தளை, செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் புளிப்பு வைக்கக் கூடாது என்பது நம் பாட்டிமார் அறிந்த விஷயம். 1955-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடை விதிகளும் இதையே கூறின: துருப்பிடித்த பாத்திரம், எனாமல் பெயர்ந்த பாத்திரம், சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளை ஆகியவற்றில் வைத்த உணவு உண்ணத் தகாதது. ஆனால் பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். அதில் காரீயம் கலந்தால் புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். மலிவாகக் கிடைக்கும் வண்ணப் பீங்கான் சாடிகளின் மெருகிலும் இந்த ஆபத்து உண்டு. அலுமினியம் ஊறுகாய்க்கு அறவே ஆகாது. எவர்சில்வரில் மாவு புளிக்க வைக்கலாம்; ஆனால் உப்பு மிகுந்த ஊறுகாயை மாதக்கணக்கில் வைத்தால் அதிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். அதற்குக் கண்ணாடி பாட்டிலோ, நன்கு சுட்ட கெட்டிச் சாடியோதான் சரி.

இன்னொன்று, காற்று. மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறவர்கள் உணவுத்தர வாளியிலோ கண்ணாடிக் குடுவையிலோ ஊற வைத்து, வாயு மட்டும் வெளியேற மூடியில் ஒரு சிறு குழாய் பொருத்துகிறார்கள். (நமக்கு அந்த வேலை வேண்டாம், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது!) மாவிலும் உண்டாவது அதே கரியமில வாயுதான். வாளியை விளிம்புவரை நிரப்பி இறுக மூடினால் மூடி தெறிக்கும். பாக்கெட் உப்பி வெடிக்கும். பாதியளவாவது காலியாக விட்டு, மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

எண்ணெய் மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் மறுபடியும் சமையல் எண்ணெய் அடைக்கக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு உணவுப் பொதிவு விதிமுறைகள் தடுக்கின்றன. சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சிறு கடைக்காரருக்கு அது முதலையே தின்றுவிடும்.

புது வாளி விலை அதிகம், மாவுக்கார அம்மா எங்கே போவார் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. அதனால்தான் சங்கமே உற்பத்தியாளரிடம் மொத்தமாக வாங்க வேண்டும் என்கிறேன். கடைக்காரர் தமக்கு மாவு போடுபவருக்கு அதைக் கொடுத்து, தினசரிக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். பெயிண்ட் வாளி விற்பவர்கள் செடி வைக்கவும் சிமெண்ட் வேலைக்கும் தாராளமாக விற்கட்டும்; உணவுக்கு என்று கேட்டு வருபவருக்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிடட்டும். எந்த அளவில் எத்தனை வாளி தேவை என்று கடைவாரியாக எழுதிக் கொடுத்தால், அடுத்த கூட்டத்துக்குள் விலை கேட்டுவிடலாம்.